"கவுண்டி டீம்" என்று இவர்கள் பேசுவது யாரைப் பற்றி? காசில்பாருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இங்கே வருகிற நம் ஆட்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிற கேள்விதான் இது. அயர்லாந்துக்கு வந்து காசில்பார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, டீ பிரேக் என்றாலே மேயோ கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சீனியர் கேலிக் கால்பந்து அணியைப் பற்றித்தான் பேச்சு, சாக்கர் இல்லை, இது அயர்லாந்தின் சொந்த ஆட்டம், யாருக்குக் காயம், யாரை வெளியே உட்கார வைத்தார்கள், மேனேஜர் செய்தது சரியா என்று மணிக்கணக்கில் போகிறது, உங்களுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்து சிரித்துவிட்டு வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். போதாக்குறைக்குப் பையனின் பள்ளியில் ஊர் கிளப்பில் சேரச் சொல்லித் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, இதெல்லாம் நமக்குத் தேவையா? கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இது மண்டையில் ஏறுமா? இவர்கள் அவ்வளவு பெரிய ஸ்டார்களா?"

தேவைதான். நீங்கள் ரசிகராக மாற வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கவுண்டியில் இருக்கப்போகிறீர்கள் என்றால், அந்த அணியைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிவது நல்லது. வெயில், மழை பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இது தீராது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்டார்கள்தான். ஆனால் சம்பளமில்லாத ஸ்டார்கள். டப்ளினில் குரோக் பார்க் என்ற மைதானம், 82,300 பேர் கொள்ளும். கவுண்டிகள் மோதுகிற அகில அயர்லாந்து இறுதிப்போட்டி அன்று அது நிரம்பிவிடும், டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் அலைவார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிற ஒருவருக்கும் ஆடியதற்காகக் கூலி கிடையாது. போக்குவரத்துப் படி உண்டு, பயிற்சிக்கு அப்புறம் சாப்பாடு உண்டு, அரசு ஒரு சிறிய மானியம் தருகிறது. பெயர் எடுத்த ஒரு சிலருக்கு விளம்பரத்தில் கொஞ்சம் வரலாம். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போயாக வேண்டும்.

டப்ளின் அணியின் கோல்கீப்பராக இருந்த ஸ்டீபன் கிளக்ஸ்டன் ஒன்பது முறை அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கியவர். தொழில், பள்ளி ஆசிரியர். அவரோடு ஆடிய ஜாக் மெக்காஃப்ரி 2015-ல் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், அவர் டாக்டர். இன்றைக்கு எல்லோர் வாயிலும் வருகிற கெர்ரி கவுண்டியின் டேவிட் கிளிஃபோர்டும் ஆசிரியர்தான். நம் மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறவர் பகலில் கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்க்க எண்பதாயிரம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

அதனால் இவர்களை நீங்கள் டிவியில் மட்டும் பார்க்கப் போவதில்லை. மருந்துக்கடையில், பள்ளியில், கார்டா (போலீஸ்) ஸ்டேஷனில், உங்கள் வார்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்டாகக்கூட எதிர்ப்படலாம். ஒருமுறை கிரெடிட் யூனியனில் (நம் கூட்டுறவு வங்கி மாதிரி) வரிசையில் நின்றிருந்தேன். முந்தைய நாள் மேயோ தோற்றிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பையனுக்குப் புருவத்தில் பிளாஸ்டர், இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தான். எனக்கு முன்னால் நின்ற பாட்டி பாஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "ஹார்ட் லக் யெஸ்டர்டே" என்றார். அவன் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டான். மேலே ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பின்னால் இருந்தவர்தான் காதருகே வந்து, நேற்று ஆடியவன் இவன்தான் என்று சொன்னார்.

இங்கே பழகுகிற முறை அதுதான். கையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி கேட்காதீர்கள், வேலை நேரத்தில் சுற்றி நிற்காதீர்கள். ஜெயித்திருந்தால் "வெல் டன்", தோற்றிருந்தால் "ஹார்ட் லக்". ஆட்டம் முடிந்து மைதானத்துக்குள் குழந்தைகள் ஓடும்போது மட்டும் கையெழுத்து, போட்டோ எல்லாம் நடக்கும். அப்போது அவர்களே நின்று முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

சீனியர் என்றதும் வயதானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், என்னிடமே இரண்டு பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். மேல்மட்ட அணி என்று பொருள். சிறுவர் அணிகள், மைனர், இருபது வயதுக்குட்பட்டோர் என்று ஏறி ஏறிக் கடைசியில் வருவது சீனியர். பத்தொன்பது வயதிலேயே சீனியர் ஆடுகிற பையன்கள் உண்டு.

அங்கே போய்ச் சேர்கிறவர்களின் வாழ்க்கை லேசானதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலைப் பயிற்சி, அது போக ஜிம், வார இறுதியில் ஆட்டம். மேயோவில் வேலை குறைவு என்பது உங்களுக்கே தெரியும், படித்தவர்கள் டப்ளினில்தான் இருப்பார்கள். டப்ளினிலிருந்து காசில்பாருக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். வேலை முடித்து, காரில் மூன்று மணி நேரம் வந்து, மழையில் ஓடி, திரும்பப் போய் மறுநாள் காலை ஆபீஸ். இதைப் பார்த்து எனக்குச் சில சமயம் கோபம்கூட வரும். டிக்கெட் பணமும் டிவி பணமும் விளையாட்டை நடத்துகிற சங்கத்துக்கு வருகிறது, ஆடுகிறவன் விடுப்பு எடுத்து ஆடுகிறான். வீரர்களுக்கென்று 1999-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள், மானியம், படி எல்லாம் அதற்கு அப்புறம்தான் கொஞ்சம் ஒழுங்கானது. ஆனால் சம்பளம் கொடுங்கள் என்று டீ பிரேக்கில் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் உங்களோடு சண்டைக்கு வருவார்கள். காசு வந்தால் கெர்ரிக்காரன் டப்ளினுக்கு ஆடப் போய்விடுவான், அப்புறம் இது என்ன ஆட்டம் என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஏனென்றால் இதில் ஆளை விலைக்கு வாங்க முடியாது. நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தீர்களோ அந்த ஊர் கிளப், அந்த கிளப் எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டி. அயர்லாந்துத் தீவு முழுக்க 32 கவுண்டி, அதில் ஆறு வட அயர்லாந்தில், பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால் இந்த விளையாட்டுக்கு அந்த எல்லை கிடையாது. 2024-ல் கோப்பையைத் தூக்கிய அர்மா அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கும் லண்டனும்கூட அணி அனுப்பும், அவை இரண்டும் நம்மோடு கொனாக்ட் மாகாணப் போட்டியில்தான் ஆடும். 2023-ல் நியூயார்க் அணி லீட்ரிம் கவுண்டியை பெனால்டியில் தோற்கடித்தது. அதுதான் அவர்களுடைய முதல் வெற்றி.

எல்லை விஷயத்தில் ஒரு வேடிக்கை. பாலஹடரீன் என்ற ஊர் வரைபடத்தில் ராஸ்காமன் கவுண்டியில் இருக்கிறது, ஆனால் அந்த ஊர் கிளப் மேயோவுக்கு ஆடுகிறது. 2017-ல் நாட்டின் சிறந்த வீரராக வந்த ஆண்டி மோரன் அந்த கிளப்தான். 2025-ல் மேயோவின் மேனேஜராகவும் அவரையே போட்டார்கள். ஷைரோஸ் அக்ரமும் அதே கிளப். பாகிஸ்தானில் பிறந்த பையன். 2016-ல் மேயோவின் 21 வயதுக்குட்பட்ட அணி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அதில் இருந்தார். நம்மைப் போன்ற முகத்துக்கு அந்த ஜெர்சி கிடைக்காது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆட்டத்தின் விதிகளை அரைமணி நேரம் பார்த்தால் பிடிபட்டுவிடும், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். மைதானம் சாக்கர் மைதானத்தைவிடப் பெரியது. பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது காலால் உதைத்துக் கைக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரண்டு தடவை தொடர்ந்து தரையில் தட்டக்கூடாது. அந்தக் காலால் தூக்குகிற வித்தையை முழு வேகத்தில் ஓடிக்கொண்டே செய்வார்கள், அதுதான் பார்க்க அழகு. கம்பம் ஆங்கில எச் வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. 2025-லிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு புள்ளி என்று மாற்றிவிட்டார்கள். கவுண்டி சீனியர் ஆட்டம் மொத்தம் 70 நிமிடம்.

ஸ்கோர்தான் நம் ஆட்களைக் குழப்பும். 1-16 என்று போட்டிருந்தால் ஒரு கோல், பதினாறு புள்ளி, மொத்தம் பத்தொன்பது. கோலை மூன்றால் பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். 2017 இறுதிப்போட்டியில் டப்ளின் 1-17, மேயோ 1-16. அதாவது ஒரே ஒரு புள்ளி. இந்த ஸ்கோரை மட்டும் வார்டில் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மேயோ கோப்பையை வென்றது 1936, 1950, 1951. அதற்கு அப்புறம் இல்லை. வெல்லவில்லை என்றால் திறமை இல்லாமல் அல்ல. 1989-லிருந்து 2021 வரை பதினொரு வருடங்களில் இறுதிப்போட்டிக்குப் போய், பதினொன்றிலும் தோற்று வந்தார்கள். 2016-ல் டப்ளினுக்கு எதிராக மேயோக்காரர்கள் தங்கள் வலைக்குள் தாங்களே இரண்டு கோல் விட்டுக்கொண்டார்கள். அப்படியும் ஆட்டம் சமனில் முடிந்து, மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள். மறு வருடம் மேலே சொன்ன 1-17, 1-16. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ கிக் அடிக்கப் போகிறார், அடித்தால் கோப்பை. மேயோவின் லீ கீகன் தன் சட்டைக்குள் இருந்த ஜி.பி.எஸ். கருவியைப் பிடுங்கிப் பந்தை நோக்கி எறிந்தார். பந்து அப்படியும் உள்ளே போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் இதைத் திட்டுவார்கள். மேயோக்காரர்களிடம் கேட்டால், முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் "நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்" என்பார்கள். லீ கீகன் அதற்கு முந்தைய வருடம்தான் நாட்டின் சிறந்த வீரர். இங்கே அவரைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போக முடியாது.

ஏடன் ஓஷே என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள், காசில்பாரை ஒட்டின பிரேஃபி கிளப். 2009-ல் சீனியர் அணிக்கு வந்தவர், 2025-லும் ஆடினார். 2012-லிருந்து 2021 வரை ஆறு வருடம் இறுதிப்போட்டி ஆடி ஆறிலும் தோல்வி. அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, "பெரிய ஆட்டத்தில் காணாமல் போய்விடுவான்" என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் உங்கள் வார்டிலேயே இருக்கும். நீங்கள் எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம், அதற்கு இன்னும் ஐந்தாறு வருடம் போகட்டும்.

சாபக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், எப்படியும் யாராவது சொல்வார்கள். 1951-ல் கோப்பையோடு வந்த அணி ஃபாக்ஸ்ஃபோர்ட் என்ற ஊர் வழியாக ஊர்வலம் போனபோது எதிரே ஒரு இறுதிச் சடங்கு நடந்ததாம். அதை மதித்து நிற்காமல் கூச்சலிட்டுப் போனதால் பாதிரியார் கோபப்பட்டு, இந்த அணியில் கடைசி ஆள் சாகும்வரை மேயோவுக்குக் கோப்பை இல்லை என்று சபித்துவிட்டாராம். கட்டுக்கதை என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அந்த அணியின் கடைசி ஆளான பாடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் காலமானார். அதே மாதம் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் மேயோ டிரோன் கவுண்டியிடம் இறுதிப்போட்டியில் தோற்றிருந்தது. சரி, இனிமேல் சாபம் இல்லையே என்றால், 2022-லிருந்து 2025 வரை இறுதிப்போட்டிக்கே போகவில்லை! நம் ஊர்ப் பக்கமாக இருந்தால் இதற்குள் ஒரு பரிகார பூஜை நடந்திருக்கும்.

இதெல்லாம் ஏன் இவர்களுக்கு இவ்வளவு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் ஆரம்பத்தில் யோசித்ததுண்டு. தோற்றுக்கொண்டே இருக்கிற அணிக்கு ஏன் வீட்டுக்கு வீடு பச்சை சிவப்புக் கொடி, வைக்கோல் கட்டின் மேல்கூட "மேயோ ஃபார் சாம்" என்று பெயின்ட்? (சாம் என்பது கோப்பையின் செல்லப் பெயர், சாம் மகுவயர் கோப்பை.) வரலாறு ஒரு காரணம். இந்த விளையாட்டை நடத்துகிற சங்கத்தை, கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. என்பார்கள், 1884-ல் தர்லஸ் ஊரில் ஒரு ஓட்டலில் கூடித் தொடங்கினார்கள், ஆங்கிலேயர் விளையாட்டுக்குப் பதிலாக நம் விளையாட்டு என்று. 1920 நவம்பர் 21-ல் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படைகள் உள்ளே வந்து சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். இன்றைக்கு ஜெயித்த கேப்டன் ஏறி நின்று கோப்பையைத் தூக்குகிற ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான். மற்றொரு காரணம் குடிபெயர்தல். மேயோவிலிருந்து கப்பலேறிப் போகாத குடும்பம் இல்லை. லண்டனிலும் பாஸ்டனிலும் இருக்கிற அண்ணன் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் என்ன என்று கேட்டு ஃபோன் பண்ணுவார்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வேலை இடத்துக்கு வருவோம். மேயோ ஆடிய மறுநாள் காலை ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். அது போதும். "ஹவ் டிட் த லாட்ஸ் கெட் ஆன்?" என்று யாராவது நைட் ஷிப்ட் முடித்து வந்து கேட்டால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். கருத்துச் சொல்ல வேண்டாம், கேள்வி கேளுங்கள். "அந்த ஃப்ரீ கிக் சரிதானா?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு டீயைக் குடித்து முடிக்கலாம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வயதான நோயாளிகளிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். பேசவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தாத்தா ஒருவரிடம், தலையணைக்குப் பக்கத்தில் மிட்வெஸ்ட் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1951 உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பி.பி. பார்க்கப் போனவள், அந்த அணியின் பதினைந்து பெயரையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ரோஸ்டர் விஷயம் ஒன்று. மேயோவுக்கு முக்கியமான ஆட்டம் வருகிற ஞாயிறு என்றால் எல்லோரும் லீவு கேட்பார்கள். நீங்களே முன்வந்து அந்த ஷிப்டை எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பொங்கலையோ தீபாவளியையோ கேளுங்கள். இங்கே தை மாசம் லீவு வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காலண்டரைச் சொல்லிவிடுகிறேன்: ஜனவரி கடைசியில் லீக் தொடங்கும், ஏப்ரல் முதல் சாம்பியன்ஷிப், இறுதிப்போட்டி ஜூலை கடைசியில். முன்பு செப்டம்பரில் இருந்தது, 2022-லிருந்து ஜூலை. ஆகஸ்டுக்கு அப்புறம் கவுண்டி வீரர்கள் எல்லோரும் அவரவர் ஊர் கிளப்புக்கு ஆடப் போய்விடுவார்கள். கோடையில் குரோக் பார்க்கில் பார்த்த ஆளை செப்டம்பரில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம்.

பையனைச் சேர்க்கலாமா என்றால், சேருங்கள். இதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பள்ளியில் சேர்ந்த பையனுக்குச் சனிக்கிழமையும் அதே முகங்களைப் பார்க்க ஒரு இடம் கிடைக்கும். அதைவிட முக்கியம், உங்களுக்குக் கிடைக்கும். ஓரத்தில் குடையோடு நிற்கிற அப்பா அம்மாக்களோடு நாலு வாரம் நின்றால் எந்த டாக்டரிடம் போவது, எந்த மெக்கானிக் ஏமாற்ற மாட்டான், யார் வீடு வாடகைக்கு வருகிறது எல்லாம் தெரிந்துவிடும். எங்களுக்கு இப்போதிருக்கிற வாடகை வீடே அப்படிக் கிடைத்ததுதான். சின்ன வயதுப் பிரிவுகளில் எல்லாக் குழந்தைகளையும் ஆட வைக்க வேண்டும் என்பது விதி, பட்டம், கோப்பை என்று எதுவும் கிடையாது. அதனால் ஆடத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். கோடை விடுமுறையில் கூல் கேம்ப் என்று ஒரு வாரப் பயிற்சி முகாம் நடத்துவார்கள், அதற்கும் அனுப்புங்கள். சில இடங்களில் கவுண்டி வீரர்களே ஒருநாள் வந்து பிள்ளைகளோடு ஆடிவிட்டுப் போவார்கள்.

படிப்பு கெடுமே என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன டாக்டரையும் ஆசிரியர்களையும் அவருக்குச் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களுக்குள் சிகர்சன் கோப்பை என்று ஒரு போட்டி, நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற கல்லூரிகள் உண்டு. ஆனால் உங்கள் பையன் கவுண்டி சீனியர் ஆடுவான் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். கவுண்டிக்கு மொத்தமே முப்பத்துச் சொச்சம் பேர்தான், ஆட்ட நாளன்று அதில் இருபத்தாறு பேருக்குத்தான் ஜெர்சி.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். பதினான்கு பதினைந்து வயதானதும் போட்டி கடுமையாகும், அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் கொஞ்சம் உள்ளே வரும். நன்றாக ஆடுகிற பையன் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வயிறு எரியும். நிறத்தைச் சொல்லி எதிரணிப் பையன் ஏதாவது சொல்வதும் நடக்கலாம். நடந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஜி.ஏ.ஏ. விதியிலேயே அது தண்டனைக்குரியது, ஒவ்வொரு கிளப்பிலும் சிறுவர் நலத்துக்கு ஒரு அலுவலர் இருப்பார், அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், லாட்டரிச் சீட்டு விற்க வருவார்கள், வினாடிவினா இரவு என்பார்கள், சூப்பர்மார்க்கெட்டில் பை கட்டித் தர ஆள் கேட்பார்கள். கிளப் ஓடுவதே இந்தப் பணத்தில்தான், முடிந்ததைச் செய்யுங்கள். பப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. போனாலும் கோக் குடித்துக்கொண்டு உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பெண் குழந்தை பிறந்தால் அவளுக்கும் இதே வழி உண்டு. பெண்கள் கால்பந்துக்கு 1974-ல் தொடங்கின தனிச் சங்கம் இருக்கிறது. ஆண்கள் எழுபது வருடத்துக்கு மேலாகத் தேடுகிற அகில அயர்லாந்துப் பட்டத்தை, பெண்கள் போட்டியில், மேயோ பெண்கள் 1999, 2000, 2002, 2003 என்று நாலு முறை கொண்டுவந்துவிட்டார்கள். டீ பிரேக்கில் இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்! நாலிலும் ஆடிய கோரா ஸ்டான்டன் பிறகு ஆஸ்திரேலியா போய் அங்கே தொழில்முறையாக ஆடினார். உங்கள் மனைவிக்கு மதர்ஸ் அண்ட் அதர்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது, ஆடத் தெரியாத அம்மாக்கள் வாரம் ஒருநாள் கூடி ஓடுவார்கள். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு மொழி வகுப்பைவிட அது நல்லது என்பது என் அனுபவம். சுடிதாரோடு போய் நின்ற எனக்கு டிராக் பேண்ட் கடன் கொடுத்தார்கள், இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தை நேரில் பார்க்க இறுதிப்போட்டிக்குக் காத்திருக்காதீர்கள். அந்த டிக்கெட் பெரும்பாலும் கிளப்புகள் வழியாகத்தான் பிரித்துக் கொடுக்கப்படும், விலையும் அதிகம். லீக் ஆட்டத்துக்கு மெக்ஹேல் பார்க் போங்கள், காசில்பாரிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். பிப்ரவரி ராத்திரி என்றால் மழை பக்கவாட்டில் அடிக்கும், உள்ளே ஸ்வெட்டர், மேலே ரெயின்கோட், பிளாஸ்கில் டீ. எதிரணி ஆட்களுக்கென்று தனி இடம் கிடையாது, உங்களுக்குப் பக்கத்திலேயே பக்கத்துக் கவுண்டியான கால்வேக்காரர் உட்கார்ந்து கத்துவார். கத்திவிட்டு உங்களுக்கும் சாண்ட்விச் நீட்டுவார். கையில் வீரர்கள் பட்டியல் இருந்தால் நல்லது: 1 கோல்கீப்பர், 2-லிருந்து 7 வரை தடுப்பு, 8-ம் 9-ம் நடுக்களம், 10-லிருந்து 15 வரை தாக்குதல். முதல் பாதி முழுக்க எட்டாம் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஆட்டம் எப்படி நகர்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

பையனுக்கு வாங்க வேண்டியது அதிகம் இல்லை. பூட்ஸ் புதிதாக வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். கிளப்பிலேயே பழைய பூட்ஸ் போட்டு வைத்த பெட்டி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். பல்லுக்குப் போடுகிற கம் ஷீல்டு மட்டும் கட்டாயம், அது இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். வெந்நீரில் போட்டு, இளகினதும் எடுத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும், பல்லின் அச்சு அதில் பதிந்துவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் ஒரு நொடி விட்டாலும் சுருண்டு போகும், அதனால் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சட்டை வாங்கும்போது மெரூன் நிறம் மட்டும் வேண்டாம், அது கால்வே.